சிட்டம்மாள் வைக்காத கைநாட்டு

சிட்டம்மாள் கைநாட்டு வைக்கமாட்டேன் என்று சொன்னது ஒரு திங்கட்கிழமை காலையில். நாஷ்டா முடிந்து முந்நூறு தட்டு தொட்டிப் பக்கம் குவிந்து கிடக்கிறது. சாம்பார் காய்ந்து தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் கேன்டீன் மேனேஜர் ராஜாராம் ஒரு கையில் காகிதமும் மறுகையில் மை டப்பாவுமாக வந்து நின்றார்.

"இன்னா எய்திக்கீது சார் இதுல?"

"ஒண்ணும் இல்லம்மா. தட்டு கழுவற மெஷின் பொட்டி மேல தெரியாம தண்ணி அடிச்சிட்டேன், அதால போர்டு கெட்டுப்போச்சி, இனிமே ஜாக்கிரதையா இருக்கேன்னு எய்திக்கீது. ஹெட் ஆபீசுக்கு ஒரு காரணம் காட்டணும் இல்ல?"

"தண்ணி யார் அடிச்சது?"

"மெஷினை ஓட்டறது நீதானம்மா."

"ஓட்டறது நான்தான். அடிச்சது நான் இல்ல. அடிக்காத தண்ணிக்கு நான் ஏன் சார் கட்டை விரலை மையில முக்கணும்?"

ராஜாராம் கெட்டவர் இல்லை. ஆனால் மேலே இருப்பவர்கள் கேட்டால் கீழே இருப்பவர்களில் ஒருவரைக் காட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ரகம். "பாரு சிட்டம்மா, வியாழக்கிழமை அந்த சர்வீஸ் வேதகிரி மறுபடி வரான். அதுக்குள்ள இதுல கைநாட்டு வெச்சிட்டா, உன்னைக் காய் நறுக்கற பக்கம் மாத்திக்கறேன். வெக்கலேன்னா வெள்ளிக்கிழமை நீ வேலைக்கு வராத. நான் சொல்றது அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கைநாட்டு வைத்தால் மெஷின் போகும். வைக்காவிட்டால் வேலையே போகும். இரண்டில் எது போனாலும் போகட்டும், செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்பது சிட்டம்மாள் கட்சி. அவள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? தரை கழுவுகிற ரப்பர் ஓஸ் பைப்பைக் குழாயிலிருந்து உருவினாள். பாம்பைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டினாள். நேராக மேனேஜர் அறைக்குப் போய் அவர் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் இது உங்க கால்கிட்டயே இருக்கட்டும் சார். நான் தரையை மொண்டு ஊத்திக் கழுவிக்கறேன்."

ராஜாராமுக்குக் காலை நீட்ட இடமில்லாமல் போனது.

இந்த சிட்டம்மாள் திருப்புலிவனத்துக்காரி. வயது ஐம்பத்திரண்டு என்று ஆதாரில் போட்டிருக்கிறது, அதை அவள் நம்புவதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடவு, களை, அறுப்பு என்று அடுத்தவர் கழனியில் குனிந்தே கிடந்தவள். புருஷன் சின்னராசு ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிறார். காஞ்சிபுரம் சாலையில் கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்கிற கம்பெனி ஒன்று வந்ததும், அதன் கேன்டீனில் தட்டு கழுவ ஆள் எடுத்தார்கள். வெயிலில் குனிவதற்கு நிழலில் குனியலாமே என்று போய்ச் சேர்ந்தாள்.

ஏழு வருஷம் தொட்டியில் கை விட்டுக் கழுவினாள். ஒரு வேளைக்கு முந்நூறு தட்டு, நாளுக்கு மூன்று வேளை. அந்தச் சோப்புத் தூள் எண்ணெயை மட்டும் தின்னவில்லை, அவள் விரலையும் தின்றது. முதலில் நகக்கண் வெடித்தது. அப்புறம் தோல் உரிந்தது. கடைசியில் விரலில் இருந்த ரேகையே வழுவழுவென்று அழிந்துபோனது. வாசலில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கிற பெட்டி இருக்கிறது அல்லவா, அது சிட்டம்மாள் விரலை மட்டும் ஏற்காது. வைப்பாள், 'கீய்' என்று கத்தும். துடைத்துவிட்டு வைப்பாள், கத்தும். பின்னால் வரிசையில் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். "அக்கா, நீ பொறக்கவே இல்லைன்னு சொல்லுது" என்பாள் கனகா. வாட்ச்மேன் தனி நோட்டில் அவள் பெயரை எழுதிக்கொள்வார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்த மெஷின் வந்தது. ஆள் உயரம், பளபளவென்று எஃகு. மூடியை மேலே தூக்கி, தட்டு அடுக்கின கூடையை உள்ளே தள்ளி, மூடியை இறக்கினால் போதும். உள்ளே கொதிக்கக் கொதிக்க மழை பெய்யும். ஒன்றரை நிமிஷத்தில் தட்டு சுத்தம். மற்ற பெண்கள் ஷாக் அடிக்கும் என்று தள்ளி நின்றார்கள். சிட்டம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தோ, நான் ஓட்டறேன்" என்று முன்னால் போனாள்.

மாட்ட வந்தவர் பத்து நிமிஷம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மிச்சத்தை அவள் காதால் படித்தாள். காலையில் பொத்தானை அழுத்தினால் அடித்தொட்டியில் தண்ணீர் 'சொய்ங்' என்று இறங்கும். தொட்டியின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு இரண்டு எஃகுக் குச்சி தொங்கும். தண்ணீர் ஏறி அந்தக் குச்சிகளைத் தொட்டதும் 'டொக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் நிற்கும். சூடேறும். சூடேறின பிறகுதான் பக்கத்து டப்பாவிலிருந்து சோப்பு மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். முகப்பில் சின்னக் கண்ணாடியில் சிவப்பு எழுத்துகள் வரும். எழுத்து தெரியாவிட்டால் என்ன, உருவம் தெரியும். இது சூடு, இது கழுவல், இது அலசல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள்.

ஒரு வருஷத்தில் கை ஆறியது. ஒரு நாள் காலை வாசல் பெட்டியில் சும்மா விரலை வைத்தாள், அது கத்தவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. வாட்ச்மேன் கைதட்டினார். அன்றிலிருந்து மெஷினை யாராவது தட்டினால் சிட்டம்மாளுக்குத் தன்னைத் தட்டின மாதிரி.

அந்த மெஷின்தான் இப்போது மூன்று வாரமாகப் பேஜார் பண்ணுகிறது.

பொத்தானை அழுத்தினால் தண்ணீர் இறங்கும். இறங்கும், இறங்கும், இறங்கிக்கொண்டே இருக்கும். குச்சிகள் முழுகும். 'டொக்' வராது. மிஞ்சின தண்ணீர் போகிற குழாய் வழியாக வழிந்து தரையெல்லாம் ஓடும். எட்டு நிமிஷம் கழித்து 'பீப், பீப்' என்று கத்தி, கண்ணாடியில் இரண்டு உருவம் வரும். ஒன்று மூன்று பல் உள்ள சீப்பு. இன்னொன்று கவிழ்த்துப் போட்ட நாற்காலி. அதற்கு அர்த்தம், தொட்டியில் தண்ணீர் இல்லை என்பதாம். வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தாகம் தாகம் என்று அழுகிற பிள்ளையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அதுதான் இது.

செங்கல்பட்டிலிருந்து சர்வீஸ் ஆள் வேதகிரி வந்தான். முப்பது வயசு இருக்கும். காதில் ஒரு ஒயர், இடுப்பில் ஆணி கழற்றுகிற சாமான். மெஷின் தலையில் இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். மூடிக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்த் துளி. "போச்சி. தண்ணி அடிச்சிக் கழுவியிருக்காங்க. போர்டு போச்சி" என்று அங்கேயே காகிதத்தில் எழுதினான். புது போர்டு மாட்டினான். பொத்தானை அழுத்தினான், மெஷின் ஓடியது. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். மறுநாள் காலை பழையபடி சீப்பும் நாற்காலியும். போன் போட்டால், "திரும்பத் தண்ணி அடிச்சிருப்பாங்க சார்" என்றான். அதிலிருந்து பிறந்ததுதான் ராஜாராம் நீட்டின காகிதம்.

சிட்டம்மாள் இடுப்பில் ஒரு வெற்றிலைப் பை உண்டு. கம்பெனியில் வெற்றிலை கூடாது, அதனால் அது முந்தானைக்குள் மறைந்திருக்கும். மெஷின் படுத்த முதல் நாளிலிருந்து அவள் ஒரு வேலை செய்துகொண்டு வந்தாள். மெஷினுக்குப் பின்சுவரில், யார் கண்ணிலும் படாத இடத்தில், சுண்ணாம்பைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பாள். 'டொக்' வந்தால் மேல் வரிசையில். வராவிட்டால் கீழ் வரிசையில். தொட்டியை வடித்துப் புதுத் தண்ணீர் விட்ட வேளைக்குப் பொட்டைச் சுற்றி ஒரு வட்டம். பால்காரன் கணக்கு மாதிரி.

திங்கட்கிழமை மத்தியானம் அந்தச் சுவர் முன்னால் குந்திக்கொண்டு பார்த்தாள். கீழ் வரிசைப் பொட்டு அத்தனையிலும் வட்டம் இருந்தது. பழைய தண்ணீரோடு ஓட்டின வேளையில் ஒரு தடவைகூட மெஷின் படுக்கவில்லை. வேதகிரி போர்டு மாற்றின அன்றைக்கும் தொட்டியில் இருந்தது காலையில் ஓட்டின சோப்புத் தண்ணீர்தான், வடிக்கவே இல்லை. புதுத் தண்ணீர் விட்டும் 'டொக்' வந்தது இரண்டே இரண்டு நாள், அதில் ஒன்று வேதகிரி வந்த நாள்.

"போர்டு கெட்டிருந்தா அது நாள் பூரா இல்ல கெட்டிருக்கணும்? புதுத் தண்ணி விட்டா மட்டும் கெட்டுப்போறது இன்னா போர்டு?" என்றாள்.

"ஏங்கா, சுவத்துகிட்ட பேசிக்கினு கீற?" என்று கனகா தொட்டிப் பக்கமிருந்து கத்தினாள். "கை விட்டுக் கழுவ வா. முந்நூறு தட்டு என் ஒருத்தி தலைமேல."

கனகா சிட்டம்மாளுக்கு ஏழு வயசு இளையவள், களியாம்பூண்டிக்காரி, வாய் ஓயாது. அவளுக்கு மெஷினின் நோய் என்ன என்பதில் சந்தேகமே இல்லை. "கண்ணு பட்டுடுச்சிக்கா. அந்த இன்னொரு கேன்டீன்காரன் வந்து பாத்துட்டு 'அடேயப்பா'ன்னு சொல்லிட்டுப் போனான் இல்ல? அன்னைக்கே வாடிப்போச்சி."

செவ்வாய்க்கிழமை சுற்றிப் போட நல்ல நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குக் கேன்டீன் காலியானதும், கனகா ஒரு கைப்பிடி கல்லுப்பும் ஏழு மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தாள். சிட்டம்மாள் அப்போதுதான் தொட்டியை வடித்து, புதுத் தண்ணீர் திறந்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் குச்சிகளைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. 'டொக்' இல்லை.

கனகா மெஷினை மூன்று சுற்று சுற்றினாள். "ஊர்க் கண்ணு, ஒறவுக் கண்ணு, அந்தக் கேன்டீன்காரன் கொள்ளிக் கண்ணு" என்று முணுமுணுத்தாள். மிளகாயை அடுப்பில் போட்டாள். உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். பக்கெட் எடுக்கச் சோம்பல். எதிரில்தான் தண்ணீர் இருக்கிறதே என்று மெஷின் தொட்டியிலேயே வீசிவிட்டாள்.

"அடியே! உள்ள ஏன்டி போட்ட?" என்று சிட்டம்மாள் பாய்ந்தாள்.

அவள் வாயை மூடுவதற்குள், டொக்.

தண்ணீர் நின்றது. சூட்டு உருவம் கண்ணாடியில் வந்தது. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"பாத்தியா!" கனகா குதித்தாள். "பாத்தியா, மூணே சுத்து! செங்கல்பட்டுலேர்ந்து ஆளு, புதுப் போர்டு, எல்லாம் ஆவாததை ஒரு கை உப்பு பண்ணிடுச்சி!"

வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். சிட்டம்மாள் போகவில்லை. அடைப்பானைப் பிடுங்கி, அத்தனை தண்ணீரையும் வடித்துவிட்டாள்.

"ஐயையோ! ஏங்கா?"

"சுத்தினதுக்கு நின்னுதா, உப்புக்கு நின்னுதான்னு எனக்குத் தெரியணும். நீ இப்ப சுத்து. உப்பை உள்ள போடாத."

மறுபடி தண்ணீர். கனகா சுற்றினாள், மூன்றுக்கு ஏழாகச் சுற்றினாள். உப்பைப் பக்கெட்டில் போட்டாள். மெஷின் வழிந்தது. பீப், பீப். சீப்பு, நாற்காலி.

மூன்றாவது தடவை சுற்றவே இல்லை. சிட்டம்மாள் ஒரு கைப்பிடி கல்லுப்பை எடுத்துத் தொட்டியில் போட்டு, கரண்டிக் காம்பால் ஒரு கலக்குக் கலக்கினாள். டொக்.

"கண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றாள் சிட்டம்மாள். "இது உப்பு கேக்குது."

"மெஷினுக்கு இன்னாக்கா நாக்கா கீது?"

"கீதா இல்லையான்னு பாத்துடுவோம்" என்று டீ போடுகிற மேசையிலிருந்து சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலாவது தடவையாக வடித்து, நிரப்பி, இரண்டு கைப்பிடி சர்க்கரை போட்டுக் கலக்கினார்கள். கனகா தொட்டியை எட்டிப் பார்த்து, "டீத்தூளும் போட்டுடலாமா?" என்று கேட்டாள். மெஷின் சர்க்கரையை மதிக்கவே இல்லை. வழிந்தது, கத்தியது.

சிட்டம்மாள் மெஷினுக்கு வருகிற குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். பாலாற்றில் ஊற்று தோண்டிக் குடிக்கிற தண்ணீர் மாதிரி தித்தித்தது. கனகாவை அனுப்பி, தோட்டப் பக்கம் செடிக்கு விடுகிற ஆழ்துளைப் போர் குழாயிலிருந்து இரண்டு குடம் பிடித்து வரச் சொன்னாள். அதை ஒரு வாய் வைத்தாள், கரித்தது. மெஷின் தொட்டியை வடித்துவிட்டு இரண்டு குடத்தையும் அதில் கவிழ்த்தாள்.

டொக்.

உப்பும் போடவில்லை, சுற்றவும் இல்லை.

சிட்டம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கனகா பயந்துபோய், "இன்னாக்கா? மயக்கமா?" என்று கேட்டாள்.

மயக்கம் இல்லை. விஷயம் புரிந்துவிட்டது.

முதலில் இந்த மெஷினுக்கு வந்தது போர் தண்ணீர்தான். தட்டெல்லாம் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு. பாத்திரத்தில் உப்புப் படை. அதைப் பார்க்கப் பொறுக்காமல் ராஜாராமைத் துரத்தித் துரத்திக் கேட்டவள் சிட்டம்மாள். "மன்சங்களுக்கு மட்டும் நல்ல தண்ணியா சார்? அதுவும் வேலை செய்யறது தானே?" என்று நின்றாள். மூன்று மாதம் நச்சரித்து, குடிதண்ணீர் சுத்தம் பண்ணுகிற ஆர்.ஓ. பிளாண்டிலிருந்து தனிக் குழாய் இழுக்கவைத்தாள். அத்தோடு விட்டாளா? மூன்றரை வாரத்துக்கு முன்னால், "அந்தத் தண்ணியும் லேசாக் கரிக்குது சார், பில்டரை மாத்துங்க" என்று அவர் அறை வாசலிலேயே நின்றாள். மாற்றினார்கள். தட்டு கண்ணாடி மாதிரி ஆனது. அதற்கு மூன்றாம் நாள்தான் முதல் சீப்பும் நாற்காலியும் வந்தது. நடுவில் புதுத் தண்ணீருக்கு 'டொக்' வந்த அந்த இரண்டு நாளும் ஆர்.ஓ. பிளாண்டு நின்றுபோய், தொட்டிக்கு நேராகப் போர் தண்ணீர் திறந்துவிட்ட நாட்கள். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினார்கள், அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"நான்தான்டி கனகா. நல்ல தண்ணி குடு குடுன்னு நான்தான் கேட்டுக் கெடுத்தேன்."

கனகா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "யார்கிட்டயும் சொல்லாத. தினம் காலையில ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுடுவோம். மெஷின் ஓடும், தட்டும் பளபளன்னு இருக்கும். அந்த வேதகிரி வந்தா 'தானாச் சரியாப் போச்சி'ன்னு சொல்லிடலாம். உன் வேலையும் நிக்கும்."

நல்ல யோசனைதான். சிட்டம்மாள் அதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் எழுந்து புடவையை உதறினாள்.

"அப்ப அந்தக் காயிதம்? தண்ணி அடிச்சேன்னு அவன் எய்தினது எய்தினபடியே கெடக்கும். நாளைக்கு வேற எது கெட்டாலும் 'அவதான், ஏற்கெனவே செஞ்சவதான்'னு எடுத்துக் காட்டுவாங்க. அது ஆவாது."

"உண்மையைச் சொன்னா நல்ல தண்ணி கேட்டவ நீதான்னு வெளிய வருமேக்கா!"

"வரட்டும். அது நான் செஞ்சது."

புதன்கிழமை பூராவும் இரண்டு பேரும் போர் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து தொட்டியை நிரப்பி மெஷினை ஓட்டினார்கள். கனகா இடுப்பைப் பிடித்துக்கொண்டு திட்டினாலும் சுமந்தாள். சீப்பு ஒரு தடவைகூட வரவில்லை. சுவரில் மேல் வரிசையில் மூன்று பொட்டு ஏறியது, மூன்றுக்கும் வட்டம்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வேதகிரி வந்தான். ராஜாராமும் காகிதத்தோடு கூடவே வந்தார்.

"இன்னாம்மா, மறுபடியும் குளிப்பாட்டிட்டியா மெஷினை?" என்று சிரித்துக்கொண்டே பையைக் கீழே வைத்தான்.

"குளிப்பாட்டற பைப்பு மூணு நாளா எங்க மேனேஜர் காலாண்ட கீது நைனா. கேட்டுப் பாரு."

வேதகிரி ராஜாராமைப் பார்த்தான். "ஆமாம்பா, அதுல ரெண்டு வாட்டி தடுக்கி வுழுந்துட்டேன்" என்றார் அவர்.

"இப்ப அந்த மேல் பொட்டியைத் தொற" என்றாள் சிட்டம்மாள்.

திறந்தான். மூடியின் உள்பக்கம் அதே முத்து முத்தான துளி.

"இது எங்கேர்ந்து வந்துது? பைப்பு அங்க, பொட்டி இங்க. மூடியைத் தூக்கறப்ப நேரா மேல போற ஆவிதான் உள்ள பூந்து வேர்க்குது. சோறு வடிக்கிற மூடியைத் திருப்பிப் பாத்ததே இல்லையா நீ?"

வேதகிரி விரலால் பெட்டியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தான். ரப்பர் பட்டை ஓர் இடத்தில் வெடித்து வாய் பிளந்திருந்தது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "சரிம்மா, ஆவின்னே வெச்சிக்குவோம். அப்ப மெஷின் ஏன் நிக்குது?"

"அதை நீ சொல்லணும். சொல்லலைன்னா நான் காட்டறேன்."

தொட்டியை வடித்தாள். குழாய்த் தண்ணீரைத் திறந்தாள். வழிந்தது, கத்தியது, சீப்பும் நாற்காலியும். "பாத்துக்கோ." வடித்தாள். மறுபடி நிரப்பி ஒரு கைப்பிடி உப்பு போட்டாள். டொக். வடித்தாள். இந்தத் தடவை கனகா கொண்டுவந்து வைத்திருந்த இரண்டு குடம் போர் தண்ணீரை ஊற்றினாள். டொக். அப்புறம் வேதகிரியின் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப்போய்ப் பின்சுவரைக் காட்டினாள்.

"மேல நல்ல வேளை, கீழ கெட்ட வேளை. வட்டம் போட்டது புதுத் தண்ணி."

வேதகிரி சுவரை ரொம்ப நேரம் பார்த்தான். காதிலிருந்த ஒயரைக் கழற்றிப் பையில் போட்டான். திரும்பி வந்து தொட்டியை வடித்தான், ஆர்.ஓ. தண்ணீரைத் திறந்தான். தண்ணீர் குச்சிகளைத் தாண்டி ஏறினதும், ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை இரண்டு குச்சிக்கும் குறுக்கே பாலம் மாதிரி வைத்தான்.

டொக்.

எடுத்தான். மறுபடி வைத்தான். டொக்.

"போர்டு நல்லாத்தான் கீது சார்" என்று தலை நிமிராமல் ராஜாராமிடம் சொன்னான். "நான் மாத்தின பழைய போர்டும் நல்லாத்தான் இருந்திருக்கும். இந்த ரெண்டு குச்சிக்கும் நடுவுல தண்ணி வழியாத் துளி கரண்ட் போவணும். போனாத்தான் தொட்டியில தண்ணி கீதுன்னு போர்டுக்குத் தெரியும். தண்ணியில உப்பு கொஞ்சமாவது இருந்தாத்தான் கரண்ட் போவும். இது ரொம்பச் சுத்தமான தண்ணி. தண்ணி இருந்தும் அதுக்குக் கண்ணு தெரியல. அன்னைக்கு நான் போர்டு மாத்தினப்ப தொட்டியில சோப்புத் தண்ணி இருந்ததால ஓடிச்சி. இந்த ஸ்க்ரூடிரைவர் வேலையை நான் முதல் நாளே பண்ணியிருக்கணும். துளியைப் பாத்ததும் முடிவு பண்ணிட்டேன்."

"சர்க்கரை போட்டோம் தம்பி, அதுக்குக் கேக்கல" என்றாள் கனகா.

"சர்க்கரை வேற போட்டீங்களா?" வேதகிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சர்க்கரையில கரண்ட் போவாதுக்கா. ஆனா இனிமே உப்பும் போடாதீங்க, தொட்டியை அரிச்சிடும்."

அதற்கு அவன் வேறு வழி செய்தான். ஆர்.ஓ. குழாயோடு பழைய போர் குழாயை ஒரு சின்னத் திருகு வைத்து இணைத்தான். நாலு பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர். தட்டில் திட்டும் விழாது, குச்சிக்கும் தெரியும். திருகு எவ்வளவு திறந்திருக்க வேண்டுமோ, அந்த இடத்தில் சிட்டம்மாள் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்தாள். மூன்று தடவை வடித்து, மூன்று தடவை நிரப்பினார்கள். மூன்று தடவையும் டொக். பெட்டியின் ரப்பரையும் மாற்றினான்.

ராஜாராம் நிம்மதியாக மூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்துக் கசக்கப் போனார்.

"கசக்காதீங்க சார்" என்றாள் சிட்டம்மாள். "அதைக் கசக்கினா போதுமா? இந்தத் தம்பி அன்னைக்கு எய்தின காயிதம் கீதே, அதோட நகல் ஹெட் ஆபீசுல இல்ல கீது. அதுல அந்த வரியை அடிக்கணும்."

"விடும்மா, மெஷின்தான் ஓடுதே."

"மெஷின் ஓடுது. நான் இன்னும் அந்தக் காயிதத்துல தண்ணி அடிச்சிக்கினுதான் கீறேன்."

தொட்டிப் பக்கம் மத்தியானத் தட்டு வர ஆரம்பித்துவிட்டது. கனகா கூப்பிட்டாள். சிட்டம்மாள் நகரவில்லை. வேதகிரிதான் பையைத் திறந்து புதுத் தாள் எடுத்தான். மெஷின் மேலேயே வைத்து எழுதினான்.

"படி நைனா."

படித்தான். போர்டில் பழுது இல்லை. வெளியிலிருந்து தண்ணீர் அடிக்கப்படவில்லை. பெட்டிக்குள் இருந்தது ஆவித் துளி. முந்தைய அறிக்கை தவறு, அதை ரத்து செய்கிறேன். காரணம், தண்ணீரில் உப்பு மிகக் குறைவு.

"திரும்பப் படி."

திரும்பப் படித்தான்.

"இன்னொரு வரி எய்து. நல்ல தண்ணிக் குழாய் கேட்டது, பில்டர் மாத்தச் சொன்னது, மெஷின் ஓட்டற சிட்டம்மாள்."

ராஜாராம் பதறினார். "அது எதுக்கும்மா? யாரும் கேக்கலியே? குழாய் போட்டுக் குடுத்தது நான், என் பேரு இல்ல வரும்!"

"நீங்க போட்டீங்க, நான் கேட்டேன். எய்தச் சொல்லுங்க சார். செஞ்சதுக்குக் கைநாட்டு வெக்கறேன். செய்யாததுக்கு மட்டும்தான் வெக்கமாட்டேன்னு சொன்னேன்."

வேதகிரி எழுதினான். கீழே தன் கையெழுத்தைப் போட்டான். ராஜாராம் அறைக்குப் போய், ஓஸ் பைப்பைத் தாண்டி, மை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

சிட்டம்மாள் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். இடது கட்டை விரலை மையில் ஒற்றி, தாளில் வைத்து, அவசரப்படாமல் ஒரு உருட்டு உருட்டி எடுத்தாள். குனிந்து பார்த்தாள். சுழி சுழியாக, கோடு கோடாக, ஒரு கோடுகூட அழியாமல் பதிந்திருந்தது.

"இன்னாக்கா அதை அப்படிப் பாக்கற?" என்று கனகா கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. தட்டை அடுக்கு" என்றாள் சிட்டம்மாள், மூடியைத் தூக்கிக்கொண்டே.